மடல் வருகிறது, ஏன் போகவில்லை?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

தாங்கல் என்றால் சிறு ஏரி. நான் வசிக்கும் ஈக்காட்டுத்தாங்கலின் பெயரிலேயே அது இருக்கிறது. இன்று அங்கே கண்ணில் படுபவை லேத் பட்டறைகளும், நூறடிச் சாலையின் மெட்ரோ ரயில் தூண்களுந்தாம். ஆயினும் ஏரியின் அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரையின் பொருள் எளிதில் விளங்கும். ஏரிக்கு நீர் வந்து சேரும் வரத்துக்கால் ஒன்று; நீர் வெளியேறும் மதகு வேறொன்று. வரத்துக்கால் நிறைந்து ஓடும்போதே மதகு அடைத்துக்கொள்ளக் கூடும். "தண்ணீர்தான் வருகிறதே, பிறகு ஏன் வயலுக்குப் பாயவில்லை?" என்று எந்த உழவரும் கேட்கமாட்டார். மின்னஞ்சல் விஷயத்தில் மட்டும் நன்கு படித்தவர்களே இக்கேள்வியைக் கேட்கிறார்கள்.

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் மின்னஞ்சலைக் கைப்பேசியிலோ பிரவுசரிலோ மட்டுமே கண்டவர்கள். அங்கே இக்கோளாறு அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை. ஆனால் ஆடிட்டர் அலுவலகங்களிலும், அச்சகங்களிலும், கிண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளிலும் இன்றும் மேசைக் கணிப்பொறியில் அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களே மடல்களைக் கையாள்கின்றன. பத்தாண்டு மடல்களும் சொந்தக் கணிப்பொறியிலேயே இருக்கும். இணையம் அறுந்து கிடக்கும் நாளிலும் பழைய பர்ச்சேஸ் ஆர்டரைத் திறந்து பார்க்கலாம். இது தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்துப் பழக்கம். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. (அதற்கு முன்பே, 1986-ல் தொடங்கிய எர்னெட் திட்டத்தின் எட்டு நிறுவனங்களுள் நம் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்றாக இருந்தது.) அந்நாளில் இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. ஆகவே மடல்களை முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பைப் பெற்றதும் அனுப்ப வேண்டியதை அனுப்பி, வர வேண்டியதை வாங்கி, உடனே துண்டித்துவிடுவார்கள். அனுப்பக் காத்திருக்கும் மடல்கள் தங்கும் இடத்துக்குத்தான் 'அவுட்பாக்ஸ்' என்று பெயர். மதகு அடைத்துக்கொண்டால் நீர் தேங்குவது அங்கேதான்.

வருவதற்கும் போவதற்கும் வெவ்வேறு விதிமுறைகள். வருவதைக் கொண்டுவர பாப் அல்லது ஐமேப் என்னும் முறை, அனுப்புவதற்கு எஸ்.எம்.டி.பி. என்னும் முறை. வெவ்வேறு சர்வர், வெவ்வேறு கதவு எண், சில வேளைகளில் வெவ்வேறு கடவுச்சொல். ஒன்று சரியாக இருப்பது மற்றொன்றுக்குச் சான்றாகாது. வருவதற்கு மடல்பெட்டியின் சொந்தக்காரர் என்று நிரூபித்தே ஆக வேண்டும்; அது ஆதி முதல் உள்ள விதி. அனுப்புவதற்கோ அப்படி எந்த விதியும் தொடக்கத்தில் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிற்காலத் தொல்லைகளில் பெரும்பகுதி கிளைத்தது என்பது என் கருத்து.

எஸ்.எம்.டி.பி. முறையை வகுத்துரைத்த ஆவணம் 1982 ஆகஸ்டில் வெளிவந்தது. எண் 821. எழுதியவர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் போஸ்டல். அன்றைய வலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். எனவே அனுப்புகிறவரை யாரும் சந்தேகிக்கவில்லை. நம் தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டியைப் போன்றது அது. யார் வேண்டுமானாலும் கடிதத்தைப் போடலாம். உறையின் பின்புறம் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். பெட்டி கேள்வி கேட்காது.

இம்முறையில் மென்பொருளும் சர்வரும் பேசிக்கொள்ளும் பேச்சு மிகவும் சுவையானது. மனிதன் படித்தாலும் புரியும்படி அமைத்திருக்கிறார்கள். இணைந்தவுடன் சர்வர் 220 என்ற எண்ணைச் சொல்லி வரவேற்கிறது. மென்பொருள் ஹெலோ என்கிறது. ஆங்கிலத்தில் ஓர் 'எல்' எழுத்தைக் குறைத்து நான்கெழுத்தாக்கிய வணக்கம் அது. 1993-ல் விரிவாக்கம் பெற்றபின் ஈஹெலோ ஆயிற்று. அதற்குச் சர்வர், தான் செய்யக்கூடியவற்றைப் பட்டியலிடுகிறது: இவ்வளவு பெரிய மடல்வரை ஏற்பேன், மறைகுறியாக்கம் தெரியும், இன்னின்ன வகையில் அடையாளம் காட்டலாம் என்று. அடையாளம் சரியானால் 235. பிறகு மெயில் என்னும் கட்டளையால் அனுப்புநர் முகவரி; 250 என்று ஒப்புதல். ஆர்.சி.பி.டி. என்னும் கட்டளையால் பெறுநர் முகவரி, மீண்டும் 250. அடுத்து டேட்டா என்றதும் 354, அதாவது 'சொல், கேட்கிறேன்'. மடல் முழுவதும் போகிறது. முடிந்ததென்று எப்படித் தெரியும்? ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் வந்தால் முடிவு. அப்படியானால் மடலுக்குள்ளேயே ஒரு வரி தனிப் புள்ளியாக இருந்துவிட்டால்? மென்பொருள் புள்ளியில் தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்புகிறது. மறுமுனை அதை நீக்கிக்கொள்கிறது. நாற்பதாண்டுக்கு மேலாகியும் இந்தப் புள்ளி மாறவில்லை.

பதில் எண்களின் முதல் இலக்கமே பாதி நோயைச் சொல்லிவிடும். 2 என்றால் ஆயிற்று; 3 என்றால் மேலே சொல்; 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா; 5 என்றால் முடியவே முடியாது, எதையாவது மாற்றாமல் திரும்ப வராதே. 4-ல் தொடங்கும் எண்ணைக் கண்டு அமைப்புகளைக் கலைத்துப் போடுவதும், 5-ல் தொடங்கும் எண்ணைக் கண்டு பத்து முறை 'அனுப்பு' பொத்தானை அழுத்துவதும் சமமான வீண்வேலைகள்.

இனிக் கதவு எண்கள். ஒரு சர்வருக்கு முகவரி ஒன்றே. ஆனால் அதற்குள் 65,535 வரை எண்ணிட்ட கதவுகள் உண்டு. இவற்றைப் போர்ட் என்பர். எஸ்.எம்.டி.பி.க்குத் தொடக்கத்தில் கொடுத்த எண் 25. சர்வரும் சர்வரும் தமக்குள் மடல் மாற்றிக்கொள்வதும் 25. வீட்டிலிருந்து ஒருவர் மடலை ஒப்படைப்பதும் 25. ஆர்.எம்.எஸ். மூட்டைகள் ஏறி இறங்கும் பின்வாசலிலேயே பொதுமக்களும் கடிதத்தைக் கொடுத்தது போல. விளம்பரக் குப்பை அனுப்புவோர் இவ்வாசலைக் கண்டுகொண்டபின் நிலைமை கெட்டது. ஆகவே 1998 டிசம்பரில் பொதுமக்கள் ஒப்படைப்பதற்கென்று 587 என்னும் தனிக் கவுன்ட்டர் வகுக்கப்பட்டது. அங்கே யார் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். 465-ன் கதை வேடிக்கையானது. 1997-ல் மறைகுறியாக்கத்துடன் கூடிய அஞ்சலுக்கென அதைப் பதிவு செய்தார்கள்; விரைவிலேயே விலக்கிக்கொண்டார்கள்; உலகம் கேட்கவில்லை, பயன்படுத்திக்கொண்டே இருந்தது; கடைசியில் 2018 ஜனவரியில் வந்த ஆவணம் அதையே பரிந்துரைத்தது. இன்று 465, 587 இரண்டும் சரி. வீட்டிலிருந்தும் பட்டறையிலிருந்தும் அனுப்புகிறவருக்கு 25 மட்டும் கூடாது. பல இணைய நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் 25-ஆம் கதவுப் பயணத்தை நடுவழியிலேயே தடுத்துவிடுகின்றன.

இவ்வளவும் நான் பாடப்புத்தகத்தில் படித்ததன்று. என் தந்தை எங்கள் பகுதிப் பட்டறை ஒன்றில் டர்னர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால் 'கம்ப்யூட்டர் தெரிந்த பெண்' என்ற பட்டம் எனக்கு இளநிலைப் பட்டத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது முதலாளி கூப்பிட்டார்.

"ஏம்மா, மெயிலு வருது, போவ மாட்டேங்குது. இன்னான்னு பாக்குறியா? அஞ்சு மணிக்குள்ள கொட்டேஷன் போயாவணும்."

ஒரகடத்தில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் புஷ் கடைந்து தரும் வேலைக்கான விலைப்புள்ளி அது. ஆறு பேர் வேலை செய்யும் பட்டறை. அந்த மாதம் இரண்டு லேத்கள் சும்மா நின்றன. அப்பாவுக்கு ஓவர்டைம் நின்று ஐந்து வாரம் ஆகியிருந்தது.

"பார்க்கிறேன் சார். பிழைச்செய்தி என்ன வருது?" என்றேன்.

"ஏதோ பொட்டி வரும், மூடிடுவோம்."

மருத்துவரிடம் போய் 'ஏதோ வலி, மறந்துவிட்டேன்' என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. வெளிச்செல்லும் அஞ்சல் கோளாறில் முதல் வேலை அந்தப் பெட்டியில் உள்ளதை ஒரு சொல் விடாமல் தாளில் எழுதிக்கொள்வதே. ஆனால் அதற்கும் முன்னால் இன்னொரு வேலை இருந்தது. அவுட்பாக்ஸில் பதினான்கு மடல்கள் தேங்கியிருந்தன. கோளாறு தீர்ந்த கணமே பதினான்கும் ஒரே மூச்சில் புறப்பட்டுவிடும். ஆகவே மென்பொருளை இணைப்பில்லா நிலையில் வைத்துவிட்டு, பட்டியலை முதலாளியிடம் காட்டினேன். மேலிருந்து நான்காவது மடலைப் பார்த்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதுவும் ஒரு கொட்டேஷன். பதினொரு நாளுக்கு முந்தியது. கெடு தேதி போய்விட்டது. அதை அழித்துவிடச் சொன்னார்.

பிறகு மிச்சமிருந்த மடல்களை அவுட்பாக்ஸிலிருந்து வேறோர் உறைக்கு மாற்றிவைத்து, இணைப்பைத் திறந்து, அவருடைய முகவரிக்கே ஒற்றை வரிச் சோதனை மடல் ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். ஒரு நிமிடம் போலக் காத்திருந்து, 'நேரம் கடந்துவிட்டது' என்னும் பொருளில் பெட்டி வந்தது. இங்கே ஒரு நுட்பம். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று உடனே வந்தால் சர்வரை எட்டிவிட்டோம், கதவுதான் சாத்தியிருக்கிறது என்று பொருள். காத்திருக்க வைத்து நேரம் கடந்ததென்று வந்தால், நாம் அனுப்பியதை வழியில் எதுவோ சத்தமின்றி விழுங்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அமைப்புகளைத் திறந்தேன். தண்டர்பேர்டில் வெளிச்செல்லும் சர்வரின் அமைப்பு, மடல்பெட்டியின் அமைப்போடு சேர்ந்து இராது. கணக்குப் பட்டியலின் அடியில் தனியே இருக்கும். இது தெரியாமல் மேலேயே தேடிக் களைத்தவர் பலர். அங்கே கதவு எண் 25, மறைகுறியாக்கம் இல்லை, அடையாளம் காட்டுதலும் இல்லை என்று இருந்தது.

இவ்வளவு பழைய அமைப்பு எப்படி வந்தது? 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது பட்டறையின் பழைய கணிப்பொறி மூழ்கிப்போயிற்று. புதியது வாங்கியபோது, பரண்மேல் தப்பிய நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததை அப்படியே தட்டச்சு செய்திருக்கிறார்கள். அடையாளம் காட்டாமல் எப்படி அது வேலை செய்தது என்பதற்கும் ஒரு விளக்கம் கூறலாம். முற்காலத்தில் சில சர்வர்கள், முதலில் மடல் வாங்க வந்து கடவுச்சொல் சொன்னவரை, அடுத்த சில நிமிடங்களுக்கு மடல் அனுப்பவும் விட்டன. வாங்கிவிட்டு அனுப்பினால் போகும். வாங்காமல் அனுப்பினால் போகாது. அது ஓய்ந்து வந்த நேரத்தில் பட்டறை இணைய இணைப்பையும் மாற்றியிருந்தது.

ஊகத்தை நம்பாமல் சோதித்துப் பார்க்க வழி உண்டு. டெல்நெட் என்னும் சிறு நிரலைக் கொண்டு சர்வரின் கதவை நாமே தட்டலாம். (விண்டோஸில் அதை முதலில் இயக்கி வைக்க வேண்டும்.) 25-ஐத் தட்டினேன், மௌனம். 587-ஐத் தட்டினேன், கணத்தில் 220 என்று பதில் வந்தது. ஆக சர்வர் நலமாக இருக்கிறது, பாதைதான் அடைப்பு. (465-ஐ இப்படித் தட்டினால் ஒன்றும் தெரியாது, அங்கே முதற்சொல்லே மறைகுறியில்தான் தொடங்கும்.) கதவு எண்ணை 587 ஆக்கினேன். இப்போது பிழை மாறியது: 530, முதலில் மறைகுறியாக்கத்தைத் தொடங்கு என்றது. ஸ்டார்ட் டி.எல்.எஸ். என்பதைத் தேர்ந்தேன். மறுபடியும் 530! முதலாளி உச்சுக்கொட்டினார். எண் ஒன்றாயினும் வாசகம் வேறு: அடையாளம் காட்டு என்றது. பிழை மாறுவது முன்னேற்றமே. பயனர் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. '@'-க்கு முன்னுள்ள பகுதியை மட்டும் இடாமல் முழு முகவரியையும் இட்டு, கடவுச்சொல்லைக் கொடுத்ததும் சோதனை மடல் போய்ச் சேர்ந்தது. தேங்கியிருந்தவற்றை ஒவ்வொன்றாக அனுப்பினோம். பதின்மூன்றில் பன்னிரண்டு போயின. போகாமல் நின்றது எதுவென்றால், அந்தக் கொட்டேஷன். அப்போது மணி மூன்றே முக்கால்.

552 என்றது சர்வர். மடல் அளவு மீறியது. "எல்லை 25 எம்.பி.ன்னு போட்டிருக்கு, நம்ம ஃபைல் 19 தானே?" என்று முதலாளி கேட்டது நியாயமான கேள்வி. இதற்கு விடை எஸ்.எம்.டி.பி.யின் பிறப்பில் இருக்கிறது. அது ஏழு பிட் ஆங்கில எழுத்துகளைக் கடத்தப் பிறந்தது; படமும் ஒலியும் அதற்குத் தெரியா. ஆகவே இணைக்கும் எந்தக் கோப்பையும் எழுத்துகளாக மாற்றியே அனுப்ப வேண்டும். மூன்று பைட் என்பது 24 பிட்; அதை ஆறாறு பிட்டாகப் பிரித்தால் நான்கு துண்டு; ஒவ்வொரு துண்டுக்கும் 64 எழுத்துகளுள் ஒன்று. மூன்று நான்காகிறது. 19-ஐ 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 25.33. எல்லையைத் தாண்டிவிட்டது. வரி முறிப்புகளுக்கு இன்னும் சற்றுக் கூடும். (நம் தமிழும் பெரும்பாலும் இப்படித்தான் பயணம் செய்கிறது. 'அம்மா' என்பது ஒருங்குறியில் ஐந்து குறிகள், குறி ஒன்றுக்கு மூன்று பைட்டாகப் பதினைந்து. மாற்றியபின் இருபது எழுத்து.)

வரைபடங்களை 600 புள்ளி அடர்த்தியில் வண்ணத்தில் ஸ்கேன் செய்திருந்தார்கள். 200-க்குக் குறைத்தால் நீளத்தில் மூன்றிலொன்று, அகலத்தில் மூன்றிலொன்று, பரப்பில் ஒன்பதிலொன்று. வண்ணமும் தேவையில்லை. அளவுக் குறிப்புகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று அப்பாவைப் படிக்கச் சொன்னோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு டாலரன்ஸையும் வாய்விட்டுப் படித்தார். நான்கு மணி இருபது நிமிடத்துக்கு மடல் போயிற்று. விலை சற்று அதிகம் என்று கூறி ஒரகடத்துக்காரர்கள் பாதி எண்ணிக்கைக்குத்தான் ஆர்டர் தந்தார்கள். ஒரு லேத் ஓடியது.

இக்கோளாறு இன்னும் வேறு உருவங்களிலும் வரும். எனக்கு மிகவும் பிடித்தது கடிகாரக் கோளாறு. பழைய கணிப்பொறியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற வகை. அது தீர்ந்துவிட்டால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணிப்பொறியின் நாள்காட்டி பல ஆண்டு பின்னால் போய்விடும். சர்வர் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. தேதி தவறாக உள்ள கணிப்பொறிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழாகத் தோன்றும், நம்ப மறுக்கும். கடவுச்சொல்லை மாற்றுவார்கள், மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுவார்கள். குற்றவாளி அந்தச் சில்லறைப் பேட்டரி. மூலையில் தெரியும் தேதியை முதலில் பார்ப்பது நல்லது. வயதான மென்பொருளும் இப்படியே நிற்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஓடிய விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு டி.எல்.எஸ். மறைகுறியாக்கத்தின் 1.0 பதிப்புக்கு மேல் தெரியாது. அப்பதிப்பை 2021 மார்ச்சில் முறையாகவே கைவிட்டார்கள். அங்கே அமைப்பை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. மென்பொருளைத்தான் மாற்ற வேண்டும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் 535 வருவது மற்றொன்று. கூகுள் நிறுவனம் தனியார் கணக்குகளுக்கு, வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு வெளி மென்பொருள் நுழைவதை 2022 மே 30 முதல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் நிறுத்தியது. புதிய தண்டர்பேர்ட், நிறுவனத்தின் பக்கத்தையே திறந்து அனுமதி வாங்கிக்கொள்ளும். அது முடியாத பழைய மென்பொருளுக்கு, கூகுளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கியபின் பதினாறு எழுத்துத் தனிக் கடவுச்சொல் ஒன்று பெறலாம். ஆனால் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் இந்தப் பதினாறெழுத்தும் செத்துவிடும். மகன் கைப்பேசியில் இரவு கடவுச்சொல்லை மாற்றுவான். காலையில் மேசையில் தந்தைக்கு மடல் போகாது.

கடைசியாக, போன மடலைப் போகாததாகக் காட்டும் கோளாறு. ஐமேப் முறையில் அனுப்புதல் இரண்டு வேலை. எஸ்.எம்.டி.பி. வழியே மடலை ஒப்படைப்பது முதலாவது. அதன் நகலை, அனுப்பியவை என்னும் உறையில் ஐமேப் வழியே கொண்டு வைப்பது இரண்டாவது. முதலாவது முடிந்து இரண்டாவது தடைப்பட்டாலும் திரையில் பிழைச்செய்தி தோன்றும். நகலை வைக்க முடியவில்லை என்று அதில் எழுதியிருப்பதைப் படிக்காதவர், மடலே போகவில்லை என்று எண்ணி மீண்டும் அனுப்புவார். எங்கள் அடுத்த தெரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதும் அக்கா, கட்டண பாக்கியை நினைவூட்டி ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே காலையில் நான்கு முறை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான்கும் போய்ச் சேர்ந்திருந்தன.